இடம்பெயர்ந்தோம், பயணம் செய்தோமா?

ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்களின் விடுமுறை எவ்வாறு கழிகிறது என்பதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஒரு கலியாணம், ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு கோயில் தேர், அல்லது ஓர் அந்தியேட்டி. நான்கு நாடுகளில் வாழும் உடன்பிறந்தவர்கள் விமானமேறி வந்து ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். வீடியோக்காரரின் வெளிச்சத்தில் வரிசையாக நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். உரத்த இசைக்கு நடுவே, "பிள்ளைகள் என்ன படிக்கினம்?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் விமான நிலையத்தில் கண்கலங்கப் பிரிகிறார்கள். அடுத்த சந்திப்பு அடுத்த கலியாணத்திலோ அடுத்த மரணத்திலோதான்.

இந்த வழக்கத்துக்கு மாற்றாக நான் ஒரு யோசனையைச் சொல்லி வருகிறேன். உடன்பிறந்த இருவர், இரண்டு துவிச்சக்கர வண்டிகள், ஒரு கூடாரம், பத்து நாட்கள், ஏதேனும் ஓர் அந்நிய நாட்டின் நதிக்கரை. கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "இதெல்லாம் வெள்ளைக்காரன்ர வேலை" என்கிறார்கள். இன்னும் சிலர் சற்றுக் கோபத்தோடு, "நாங்கள் பட்ட கூடாரச் சீவியம் காணாதா?" என்று கேட்கிறார்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் இந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'முகாம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மொழிக்காரர் ஒருவருக்கு அந்தச் சொல் மலையடிவாரத்தையும் விறகுத் தீயையும் நினைவூட்டக்கூடும். ஈழத்தமிழ் வழக்கில் அதற்கு இரண்டு பொருள்கள்தாம் நிலைத்திருக்கின்றன. ஒன்று இராணுவ முகாம். மற்றையது அகதி முகாம். தெமட்டகொடையில் வளர்ந்த எனக்கும் என் தம்பிக்கும் இச்சொல் அறிமுகமானது 1983 ஜூலையில். எனக்குப் பதினாறு வயது, அவனுக்குப் பதினைந்து. பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் சீமெந்துத் தரையில் எங்கள் குடும்பம் மூன்று வாரங்கள் படுத்திருந்தது. பலரைச் சரக்குக் கப்பல்களில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். தந்தையாரின் தொழில் கொழும்பிலேயே இருந்தமையால் நாங்கள் தெமட்டகொடைக்குத் திரும்பினோம்.

எங்களுடையது சிறிய அனுபவம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களிற் பலரிடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அன்றிரவு அதில் ஏறி ஓட இடமில்லை. மூட்டை முடிச்சுகளையும் முதியோரையும் அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டே போனார்கள். 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டில் அமைத்து அமர்ந்தார்கள். தறப்பாள் என்பது நம் மக்களுக்கு மழைக்கால விளையாட்டுப் பொருள் அன்று. அது காத்திருப்பின் கூரை.

எனவே கூடாரத்தில் உறங்குவது இன்பம் என்று மெனிக் பாமில் இருந்து வந்த ஒருவருக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. நாம் அதிகம் அலைந்த இனம். ஆனால் குறைவாகப் பயணம் செய்த இனம். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவாவது, நம்மில் இயன்றவர்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் உடன்பிறந்தவரோடு மெதுவான ஒரு பயணம் செய்ய வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளக்க 1986ஆம் ஆண்டு நடந்த இரண்டு பயணங்களைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு மே முதலாம் திகதி ரிச்சர்ட் கிரேன், நிக்கலஸ் கிரேன் என்ற இரு ஆங்கிலேயர் பங்களாதேஷின் வங்காள விரிகுடாக் கரையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார்கள். இமயத்தைக் கடந்து, திபெத்தியப் பீடபூமியைக் கடந்து, கோபி பாலைவனத்தைக் கடந்து, சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள ஓரிடத்தை ஜூன் 27ஆம் திகதி அடைந்தார்கள். உலகத்தில் எந்தக் கடலிலிருந்து பார்த்தாலும் மிகத் தொலைவிலுள்ள நிலப்புள்ளி அது. கடற்கரைக்கும் அதற்குமிடையே 2,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான வழியை மிகக் குறைந்த சுமையோடு 58 நாட்களில் ஓடி முடித்தார்கள். ஏழை நாடுகளுக்கேற்ற எளிய தொழில்நுட்பத்தை வளர்க்கும் அறக்கட்டளை ஒன்றுக்குப் பணம் திரட்டுவது அவர்களின் நோக்கம். பின்னர் இதை ஒரு நூலாகவும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் இவர்களை 'கசின்' என்பார்கள். ஒரே குடும்பப் பெயர் தாங்கிய தந்தைவழி உறவினரை நம் முறையில் அண்ணன் தம்பி என்றுதான் சொல்லுவோம். நானும் அவ்வாறே சொல்கிறேன்.

அவர்கள் ஊர் திரும்பிய அதே கோடையில், ஓகஸ்ட் 11ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டார்கள். மேற்கு ஜேர்மனியில் ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். பனிமூட்டத்தில் திசை தெரியாமல் நாட்கணக்கில் மிதந்தார்கள். அம்மீனவர்கள் அவர்களைக் கரைசேர்த்தார்கள். இன்று கனடாவிலுள்ள தமிழரின் வரலாற்றில் அந்தப் படகுகளுக்கு அழியாத இடமுண்டு.

இரு தரப்பினரும் துணிந்தவர்கள். இரு தரப்பினரும் பசியையும் குளிரையும் தாங்கியவர்கள். உடல்வலிமையைக் கொண்டோ மனவுறுதியைக் கொண்டோ இவர்களைப் பிரிக்க முடியாது. கிரேன் சகோதரர்களுக்குத் திரும்பிப்போக ஒரு கதவு திறந்திருந்தது. படகிலிருந்த 155 பேருக்கும் அந்தக் கதவு பின்னால் அடைக்கப்பட்டிருந்தது. விரும்பிய இடத்தில் நிற்கவும், விரும்பாவிட்டால் திரும்பவும் முடிந்தால் அதற்குப் பயணம் என்று பெயர். இரண்டும் இயலாதபோது அது இடப்பெயர்வு. அகதியின் தூரமும் பயணியின் தூரமும் கிலோமீற்றரில் ஒன்றாக இருக்கலாம். அளவுகோல் அதுவன்று.

"வெள்ளைக்காரன்ர வேலை" என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 1923 ஒக்ரோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் வெற்றியோடு திரும்பினார்கள். ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர். பாரசீகத்தையும் ஈராக்கையும் சினாய் பாலைவனத்தையும் அவர்கள் கடந்த காலத்தில், வழியின் பெரும்பகுதியில் ஒழுங்கான வீதியே கிடையாது. அவர்களுக்கு எந்தப் பெரிய நிறுவனமும் படியளக்கவில்லை.

நம் கதைக்கு வந்தால், சைக்கிளை யாழ்ப்பாணத்தான் அளவுக்கு அறிந்தவர் உலகில் எத்தனை பேர்? பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் முற்பகுதியில் பெற்றோல் இல்லாத குடாநாட்டை இரு சில்லுகளே சுமந்தன. நோயாளி ஆசுபத்திரிக்குப் போனதும் அதிலே, விறகு சந்தைக்கு வந்ததும் அதிலே. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டார்கள். கொழும்பிலும் 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, அலுவலகம் செல்வோர் கழுத்துப்பட்டியோடு சைக்கிள் மிதிப்பதைப் பேஸ்லைன் வீதியில் என் கண்ணால் கண்டேன். பெற்றோல் வந்ததும் சைக்கிள்கள் மறைந்தன. நெருக்கடி வந்தால் மட்டும் நாம் சைக்கிளில் ஏறுகிறோம். அது தீர்ந்ததும் இறங்கிவிடுகிறோம். சைக்கிளை இல்லாமையின் அடையாளமாகவே கண்டு பழகிவிட்டோம்.

இனி நான் கண்டதைச் சொல்லலாம்.

என் தம்பி 1985இன் தொடக்கத்தில் நாட்டை விட்டுப் போனான். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு விமானம், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அந்த வழி அடைக்கப்படும் வரை நம் இளைஞர் ஆயிரக்கணக்கில் சென்ற பாதை அது. பதினேழு வயதில் போனவன் இன்று ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் பேரப்பிள்ளை கண்டுவிட்டான். 1985 முதல் 2018 வரையான முப்பத்துமூன்று ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஓரிடத்தில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று மாதங்கள்கூடத் தேறவில்லை. அவற்றிலும் பெரும்பாலானவை மற்றவர்களுக்காக நாங்கள் ஓடித்திரிந்த நாட்கள். தங்கையின் கலியாணம், தந்தையாரின் சாவு, தாயாரின் சாவு.

2018 ஜூலையில் நான் ஜேர்மனி சென்றபோது, மண்டபம் எதுவும் இல்லாத ஒரு விடுமுறை வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். அவன் இரண்டு பழைய சைக்கிள்களையும் மலிவான ஒரு கூடாரத்தையும் ஒழுங்கு செய்தான். தன்யூப் நதியோரமாகப் பாசாவிலிருந்து வியன்னா வரை, ஏறத்தாழ 320 கிலோமீற்றர். ஒன்பது நாட்கள். சைக்கிள் ஓட்டுவோருக்கு ஐரோப்பாவில் மிகவும் பழக்கமான வழிகளில் இதுவும் ஒன்று. இனும் இல்சும் தன்யூப்போடு கூடும் நகரம் பாசா. அங்கிருந்து பாதை நதியின் போக்கிலேயே செல்கிறது. ஏற்றம் அதிகமில்லை. நதியை அடுத்தே பாதை செல்வதால் வழி தவறுவதும் அரிது. பாலமில்லாத இடங்களில் சைக்கிள்காரரை அக்கரை சேர்க்கச் சிறு படகுகள் உண்டு. கரையோரச் சிற்றூர்களில் கூடாரமடிக்கும் திடல்கள் உண்டு. சுடுநீர்க் குளியலறை, சமைக்க இடம், பாத்திரம் கழுவத் தொட்டி யாவும் அங்கே கிடைக்கும். செலவு விடுதி அறையிலும் பல மடங்கு குறைவு. ஐம்பதைத் தாண்டிய இருவர், இடுப்பு வலியோடும் நீரிழிவு மாத்திரையோடும், ஒரு நாளைக்கு முப்பத்தைந்து நாற்பது கிலோமீற்றர் ஓடுவது வீரச்செயல் அன்று. எங்களை எழுபது வயது மூதாட்டிகள் மணியடித்து முந்திச் சென்றார்கள்.

பாசாவிலிருந்து இருபது கிலோமீற்றர் அளவில் யோகன்ஸ்டைன் என்ற இடத்தில் ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒஸ்ரியா. பாதையோரத்தில் ஒரு பலகை மட்டும்தான் நிற்கிறது. எவரும் மறிக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்காமலே ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் தம்பி பலகையருகே சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறான்.

"அண்ணா, அந்த நாளையில எனக்கு இப்பிடி ஒரு பலகையைத் தாண்டேலாது" என்றான்.

அவன் சொன்னது நாட்டெல்லையைப் பற்றியன்று. 1980களில் ஜேர்மனியில் அரசியல் தஞ்சம் கோரியவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 2015இல்தான் அது பெருமளவு தளர்த்தப்பட்டது. தம்பி தஞ்சம் கோரியோர் விடுதியில் இருந்த காலத்தில், கைச்செலவுக்குக் கிடைத்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாவட்ட எல்லைப் பலகை வரை ஓடிப்போய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவானாம். அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரம் அங்கிருந்தே தெரியுமாம். இரண்டரை வருடம் இப்படி.

முப்பத்துமூன்று ஆண்டுகளாக இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று அன்று. தொலைபேசி நிமிடக் கணக்கில் காசு விழுங்கிய காலத்தில் தாயாரின் மருந்தையும் தங்கையின் சீதனத்தையும் பேசுவதற்கே நேரம் போதவில்லை. வாட்ஸ்அப் வந்து தொலைபேசி இலவசமான பிறகோ, பழையதைப் பேசும் பழக்கம் எங்களை விட்டுப் போயிருந்தது. தொலைபேசியில் நாம் ஒருவருக்கொருவர் செய்தி அறிவிக்கிறோம். பேசுவதற்கு வேறு நேரம் வேண்டும். எதுவும் நடக்காத நேரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத நேரம். பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் மிதிக்கும்போது அது கிடைக்கிறது. காரில் அது கிடைப்பதில்லை. கார் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

லின்ஸ் நகரைத் தாண்டினால் மவுத்தவுசன் என்ற சிற்றூர் வருகிறது. நாசிகள் 1938 முதல் 1945 மே வரை நடத்திய வதைமுகாம் அங்கே குன்றின் மேல் நினைவிடமாக இருக்கிறது. ஏறத்தாழ 1,90,000 பேர் அங்கும் அதன் துணை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் மாண்டார்கள். கருங்கல் குழியிலிருந்து கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகளை இன்றும் காணலாம். சைக்கிள்களைக் கீழே பூட்டிவிட்டு நாங்கள் ஏறிப் பார்த்தோம். ஜேர்மன் மொழியில் வதைமுகாமுக்கும் சிறுவரின் கோடைக்கால முகாமுக்கும் ஒரே சொல்தான், 'லாகர்'. தம்பி இருந்த அகதி விடுதியையும் ஊரவர்கள் அப்படித்தான் அழைத்தார்களாம். இவை மூன்றையும் ஒன்றாக எண்ணுவது பெருந்தவறு. ஆனால் அந்தக் குன்றின் கீழேயே ஜேர்மன், ஒஸ்ரியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கூடாரம் அடித்து, தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தன. அவர்கள் வரலாற்றை மறந்தவர்கள் அல்லர். நினைவிடத்துக்குப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்து வந்த பேருந்துகளையும் பார்த்தோம். ஒரு சொல்லின் கொடிய பொருளை நினைவில் வைத்துக்கொண்டே, அதன் எளிய பொருளையும் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 'முகாம்' என்ற சொல்லுக்கும் நாம் அதைச் செய்யலாம் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போவது பத்தி எழுத்தாளனுக்கு அழகன்று.

முதலாவது, விசா. இலங்கைக் கடவுச்சீட்டோடு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் எங்கே தங்குவார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. இன்றிரவு எந்த நதிக்கரையில் களைப்பு வருமோ அங்கே படுப்பேன் என்று எழுதிக்கொடுக்க எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடமில்லை. சைக்கிள் பயணத்தின் இயல்பே முன்கூட்டி எழுத முடியாமை. நம் கடவுச்சீட்டின் இயல்போ எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டியிருப்பது. இது உண்மையான தடை. அங்கே வாழும் உடன்பிறந்தவரின் அழைப்புக் கடிதமும் வீட்டு முகவரியும் இத்தடையை ஓரளவு தாண்ட உதவும். ஆகவேதான் இந்தப் பயணத்தின் முதற்படி அங்கிருப்பவரிடமிருந்து வர வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, பணம். விமானச் சீட்டும் விசாவும் இல்லாமல் அங்கிருப்பவர்கள் தங்களுக்குள் செய்வதானால் இது ஒரு கலியாணத்துக்குப் போய்வரும் செலவிலும் குறைவு. நோர்வேயில் வாழும் நம்மவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலியிடாத, பயிரிடாத நிலத்தில் எவரும் கூடாரம் அடிக்கலாம். ஆளிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும், பொதுவாக இரண்டு இரவுக்கு மேல் உரிமையாளரின் அனுமதியின்றித் தங்கக் கூடாது. வழிப்போக்கனும் படுத்தெழும்ப உரிமையுள்ளவன் என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. காணி இழந்த நாம் அதை ஒரு முறை அனுபவித்துப் பார்க்க வேண்டாமா?

மூன்றாவது, "பெண்பிள்ளைகள் என்ன செய்வது?" உடன்பிறந்தவர் என்றால் அண்ணன் தம்பி மட்டுமல்லர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே போய்வர முடிந்ததும் அப்பெண்களின் நடையே மாறியதை அக்காலப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கோ சைக்கிள் புதிதன்று. பள்ளிக்கும் ரியூசனுக்கும் மிதித்தவர்கள்தாம் இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் அக்காவும் தங்கையுமாக இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து பத்து நாள் போனால் வீடு கவிழ்ந்துவிடாது.

இதையெல்லாம் மீறி விசா கிடைக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். அங்கிருப்பவர் இங்கே வரட்டும். முப்பது ஆண்டுகள் வெளியே வாழ்ந்தவருக்கு இலங்கையும் ஓர் அந்நிய நாடுதான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நிச்சயமாக. வருபவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கிக் குளிரூட்டிய வானில் இரவோடிரவாக யாழ்ப்பாணம் போய்விடுகிறார்கள். ஏ-9 வீதியின் இரு மருங்கும் என்ன நடந்தது, என்ன நடக்கிறது என்று அவர்கள் காண்பதேயில்லை. மாங்குளத்தில் நின்று ஒரு தேநீர் குடித்து, கடைக்காரரோடு கதைத்துப் போகும் வேகத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கூடாரம் அடிக்க இடம் தேட வேண்டாம். கோயில் மடம் உண்டு, சிறு விடுதி உண்டு, உறவினர் விறாந்தை உண்டு. வெயிலுக்கு முன் புறப்பட்டு, பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்காதீர்கள். அந்தப் பலகையும் நீங்கள் காண வேண்டியவற்றுள் ஒன்று.

என் தலைமுறைக்கு இனி அதிக காலமில்லை. 1983க்குப் பின் பிரிந்த உடன்பிறந்தவர்கள் இன்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். முழங்கால் இன்னும் பத்து வருடம் பொறுக்கும். அதன் பிறகு நாம் சந்திக்கும் சபைகளில் ஒருவர் பேச முடியாத நிலையில் கிடத்தப்பட்டிருப்பார். அவரைப் பற்றி மற்றவர்கள் ஒலிவாங்கியில் பேசுவார்கள். எல்லைப் பலகையைத் தொட்டுத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகளைப் போன்ற கதைகள் அவரோடு போய்விடும். மரண அறிவித்தலில் அவற்றுக்கு இடமில்லை.

ஆகவே அன்பு வாசகர்களே, அடுத்த ஆண்டு விடுமுறைக்கு மண்டபம் பதிவு செய்யுமுன் உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். "சைக்கிள் ஓட மறந்துபோச்சோ?" என்று கேளுங்கள். மறந்திருக்க மாட்டார்கள். திகதியை அப்போதே குறித்துவிடுங்கள்.